மிகுந்த கீ, விடுபட்ட கீ: மேப் ஒப்பீட்டில் கண்டிப்பு

ஒவ்வொரு கீக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் தரவு அமைப்பு மேப். பைத்தானில் இதை டிக்‌ஷனரி என்பார்கள்; ரூபியிலும் பெர்லிலும் ஹாஷ்; ஜாவாஸ்கிரிப்டில் பெரும்பாலும் ஆப்ஜெக்ட். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். மென்பொருள் சோதனைகளில், நிரல் தந்த மேப்பையும் வரவேண்டிய மேப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அன்றாட வேலை. இரண்டும் ஒன்றா என்ற ஒரே கேள்விபோல் தோன்றினாலும், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வரவேண்டிய கீ எல்லாம் வந்திருக்கிறதா? வரக்கூடாத கீ ஏதாவது வந்திருக்கிறதா? இரண்டிலும் உள்ள கீகளுக்கு மதிப்பு ஒன்றாக இருக்கிறதா? மூன்றாவதை எல்லாச் சோதனைகளும் கேட்கின்றன. முதலாவதைப் பாதி கேட்கின்றன. இரண்டாவதைக் கேட்காமலே தேறிவிடும் சோதனைகள் ஏராளம். கீகளைக் கண்டிப்பாகச் சரிபார்ப்பது என்றால், முதல் இரண்டு கேள்விகளையும் மதிப்பைப் பற்றிய கேள்வியிலிருந்து பிரித்து, வெளிப்படையாகக் கேட்பது.

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுக் கிடங்கு ஒன்றின் இருப்புக் கணக்கை மேப்பாக வைத்துப் பார்க்கலாம். வரவேண்டியது: சங்கு சக்கரம் 40 பெட்டி, பூச்சட்டி 25 பெட்டி, கம்பி மத்தாப்பு 0. நிரல் தந்தது: சங்கு சக்கரம் 40, பூச்சட்டி 25, கம்பி மத்தாபு 60. கடைசிப் பெயரில் ஒரு ‘ப்’ விழுந்துவிட்டது. அதனால் புதிதாக ஒரு கீ முளைத்து, அதன் கீழ் 60 பெட்டி ஏறியிருக்கிறது. கண்ணால் பார்த்தால் தவறு உடனே தெரியும். கையால் எழுதிய சோதனை இதைப் பார்க்குமா என்பது வேறு விஷயம்.

கோ மொழியில் பலரும் எழுதும் சோதனை இப்படி ஓடும். வரவேண்டிய மேப்பின் கீகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதே கீயை வந்த மேப்பில் தேடி, மதிப்பு மாறினால் தவறு என்று அறிவிக்கும். சங்கு சக்கரம் பொருந்துகிறது, பூச்சட்டி பொருந்துகிறது. கம்பி மத்தாப்பைத் தேடினால் வந்த மேப்பில் அந்தக் கீயே இல்லை. ஆனால் கோ மொழியில் இல்லாத கீயைக் கேட்டால் பிழை வராது. அந்த வகைக்குரிய வெற்று மதிப்பு, எண்ணாக இருந்தால் 0, திரும்பி வரும். எதிர்பார்த்ததும் 0, கிடைத்ததும் 0. சோதனை தேறிவிடுகிறது. சற்று முன்யோசனையுள்ளவர், இரண்டு மேப்களின் நீளமும் ஒன்றா என்று ஒரு வரி சேர்த்திருப்பார். இங்கே இரண்டிலும் மூன்று கீ. அந்த வரியும் தேறிவிடுகிறது. 60 பெட்டி மத்தாப்பு தவறான பெயரில் கணக்கில் ஏறியிருக்க, இரண்டு காவலும் வழிவிட்டுவிட்டன.

இதைச் சரிசெய்ய ஒரு சொல் போதும். கோ மொழியில் கீயைத் தேடும்போது, மதிப்போடு ‘இருந்ததா இல்லையா’ என்ற இரண்டாவது விடையையும் வாங்கிக்கொள்ளலாம். அதையும் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒப்பீடு முழுமையாகிவிடும்: வரவேண்டிய கீ எல்லாம் இருந்து, எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், மிகுந்த கீக்கு இடமில்லை. 2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21 பதிப்பின் நூலகத்தில் மேப்களுக்கென்றே சேர்ந்த ஒப்பீட்டுச் செயல்கூறு செய்வதும் இதையேதான். அதற்கு முன்பிருந்தே உள்ள ரிஃப்ளெக்ட் நூலகத்தின் டீப்ஈக்வல் இன்னும் ஒரு படி கண்டிப்பானது. உருவாக்கப்படாத மேப்பையும் உருவாக்கப்பட்டு வெறுமையாக உள்ள மேப்பையும் அது வேறு வேறாகவே பார்க்கும். எல்லாச் சோதனைக்கும் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. அதனால்தான் கோ-சிஎம்பி என்ற ஒப்பீட்டு நூலகத்தில் வெறுமைகளைச் சமமாக்கும் விருப்பத் தேர்வு தனியாக இருக்கிறது.

இல்லாத கீக்கும் வெற்று மதிப்புள்ள கீக்கும் உள்ள இந்தக் குழப்பம் கோ மொழியோடு நிற்பதில்லை. ஜாவாவில் இல்லாத கீயைக் கேட்டாலும் ‘நல்’ (மதிப்பு எதுவுமில்லை என்ற குறி) வரும், நல் என்ற மதிப்பே உள்ள கீயைக் கேட்டாலும் நல் வரும். இதை அறிந்தே ஜாவா நூலகத்தின் மேப் ஒப்பீடு முதலில் அளவைப் பார்க்கிறது. பிறகு, மதிப்பு ‘நல்’ ஆக இருக்கும் இடத்தில் மட்டும், அந்தக் கீ உண்மையிலேயே இருக்கிறதா என்று இன்னொரு முறை கேட்கிறது. நூலகம் எழுதியவர்கள் கவனித்ததைக் கையால் சுழற்சி எழுதுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சி++ மொழியின் மேப்பில் சதுர அடைப்புக்குறியால் கீயைத் தேடினால் நிலைமை இன்னும் மோசம்: இல்லாத கீ அந்த நொடியே உருவாகிவிடும். சோதிக்கப் போன நிரலே சோதிக்கப்படும் தரவை மாற்றிவிடுகிறது. பைத்தானின் டிஃபால்ட்டிக்ட்டும் இதே குணமுள்ளது.

ஜாவாஸ்கிரிப்டில் இந்தச் சிக்கலுக்கு ‘அன்டிஃபைன்ட்’ என்று பெயர். ஜெஸ்ட் சோதனைக் கருவியின் டூஈக்வல் என்ற ஒப்பீடு, அன்டிஃபைன்ட் மதிப்புள்ள கீயை இல்லாத கீயாகவே எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் சோதனை எழுதி வந்தன. 2018-ல் வந்த ஜெஸ்ட் 23-ஆம் பதிப்பு டூஸ்ட்ரிக்ட்ஈக்வல் என்ற கண்டிப்பான ஒப்பீட்டைச் சேர்த்தது. பழையதை மாற்றாமல் புதியதைப் பக்கத்தில் வைத்ததால், எது எழுத எளிதோ அதையே இன்றும் பெரும்பாலோர் எழுதுகிறார்கள்.

இல்லாததையும் பூஜ்யத்தையும் ஒன்றாகக் கொள்வதுதான் சரி என்ற இடங்களும் உண்டு. பைத்தானின் கவுண்ட்டர் என்ற எண்ணும் மேப்பில், 2021-ல் வந்த 3.10 பதிப்பு முதல், ஒப்பிடும்போது இல்லாத கீயை 0 என்றே கொள்கிறார்கள். அதற்கு முன் அவை வேறு வேறு. எத்தனை முறை வந்தது என்று எண்ணும் கணக்குக்கு இது பொருந்தும்: ஒரு முறையும் வராதது 0 முறை வந்ததுதான். கிடங்கு இருப்புக்குப் பொருந்தாது. கம்பி மத்தாப்பு 0 என்றால் அந்தச் சரக்கு கையாளப்படுகிறது, இப்போது தீர்ந்திருக்கிறது என்று பொருள். கீயே இல்லை என்றால் அந்தக் கிடங்கு அதைக் கையாள்வதில்லை. தீபாவளிக்கு முன் எதை மறுபடி வரவழைப்பது என்று முடிவெடுக்கும் நிரல் இந்த வேறுபாட்டை நம்பித்தான் ஓடும். கண்டிப்பு எவ்வளவு வேண்டும் என்பதைத் தரவின் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். கருவியின் இயல்பு அமைப்பு முடிவு செய்யக்கூடாது.

விடுபட்ட கீயால் வரும் கேடு பெரும்பாலும் விரைவில் வெளிப்பட்டுவிடும். தேடிய இடத்தில் ஒன்று இல்லையென்றால் ஏதோ ஒரு திரை வெறுமையாக நிற்கும், யாராவது கேட்பார்கள். மிகுந்த கீ அப்படியில்லை. எல்லாம் சரியாகவே நடப்பதுபோல் இருக்கும். சிவகாசியின் அண்மைக்கால வரலாற்றிலேயே, மென்பொருளுக்கு வெளியே, இதன் பெரிய வடிவம் ஒன்று இருக்கிறது. பட்டாசு மருந்துக் கலவை என்பது வேதிப்பொருளும் அளவும் சேர்ந்த ஒரு பட்டியல், கீயும் மதிப்பும்தான். 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகள் சேர்ந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், ஈயம் ஆகியவற்றைத் தடுத்திருந்தது. இந்தத் தடைகள் எல்லாம் ‘இது இருக்கக்கூடாது’ என்ற வகை. அலுமினியம் இருக்கிறதா, கந்தகம் இருக்கிறதா, பொட்டாசியம் நைட்ரேட் சரியான அளவா என்று மட்டும் பார்க்கும் பரிசோதனை, பச்சை நிறத்துக்காகச் சேர்த்த பேரியம் நைட்ரேட்டைக் காணவே காணாது; எதிர்பார்த்தவை அத்தனையும் இருக்கின்றனவே. 2021-ல் சிபிஐ அளித்த தொடக்க அறிக்கை, தடைசெய்த வேதிப்பொருள்கள் பயன்பட்டதையும் பெட்டியின் மேல் உள்ள விவரம் உண்மைக்கு மாறாக இருந்ததையும் பேசியது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று நீதிமன்றம், எல்லாப் பட்டாசுக்கும் தடையில்லை, பேரியம் உப்பு கலந்தவற்றுக்கே தடை என்று மீண்டும் தெளிவாக்கியது. பட்டியலில் எழுதாத ஒரு பொருளைத் தேடும் பரிசோதனைதான் இங்கே தேவைப்பட்டது. கீகளைக் கண்டிப்பாகப் பார்ப்பதும் அதுவே.

மென்பொருளில் இதே வகைத் தவறு பாதுகாப்பு ஓட்டையாக வெடித்த நிகழ்ச்சி 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் நடந்தது. படிவத்தில் வந்த கீகளை எல்லாம் அப்படியே தரவுத்தளப் பதிவில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ரூபி ஆன் ரெயில்ஸ் நிரல்களில் இருந்தது. ஒரு ஆராய்ச்சியாளர் படிவத்தில் இல்லாத ஒரு கீயைத் தானாகச் சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் திட்டத்தின் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். எதிர்பார்த்த கீகள் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கும் சோதனை எத்தனை எழுதியிருந்தாலும் இதைப் பிடித்திருக்காது. 2013-ல் வந்த ரெயில்ஸ் 4, அனுமதித்த கீகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும் முறையை இயல்பாக்கியது. மறுதிசையிலும் இந்த ஆபத்து உண்டு. பயனர் விவரம் கேட்டால் பெயரும் ஊரும் தரவேண்டிய சேவை, கூடவே கடவுச்சொல்லின் ஹாஷையும் கைபேசி எண்ணையும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். திரையில் அவை காட்டப்படாததால் யாரும் கவனிப்பதில்லை. ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு ஏபிஐ-களுக்கென வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுப் பத்து அபாயங்கள் பட்டியலில் இந்த இரண்டும் தனித்தனி இடம் பெற்றன. 2023 பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் வந்தன. இரண்டும் ஒரே நோய் என்று கண்டவர்கள் சேர்த்தது சரியே.

இவ்வளவு தெரிந்தும் கருவிகள் ஏன் தளர்வாக இருக்கின்றன என்றால், பகுதி ஒப்பீடு எழுதுவதற்குச் சுகமானது. முப்பது கீ உள்ள மேப்பில் இரண்டைப் பற்றித்தான் இந்தச் சோதனைக்கு அக்கறை. மீதி இருபத்தெட்டையும் எழுதி வைத்தால், தொடர்பில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சோதனை உடையும். லாராவெல் கட்டமைப்பில் ஜேசன் என்ற உரை வடிவில் வரும் பதிலை ஒப்பிடும் வழக்கமான முறை பகுதி ஒப்பீடுதான். முழு ஒப்பீட்டுக்கு ‘எக்ஸாக்ட்’ என்ற சொல் சேர்ந்த தனி முறை. ஸ்பிரிங் கட்டமைப்பின் இணையச் சோதனைக் கருவியிலும் ஜேசன் ஒப்பீடு தானாகவே தளர்வானது. எலிக்ஸிர் மொழியில் இது மொழியின் அமைப்பிலேயே கலந்திருக்கிறது: வடிவம் பொருத்தும்போது வடிவத்தில் உள்ள கீகள் இருந்தால் போதும், மிகுந்தவை பற்றிக் கேள்வியில்லை. அதனால் வெற்று மேப்பை வடிவமாக வைத்துச் சோதனை எழுதினால் எந்த மேப்பும் அதற்குப் பொருந்தும். வெறுமையாக வந்ததா என்று பார்க்க எழுதிய சோதனை, எது வந்தாலும் தேறும். புதிதாக அந்த மொழிக்கு வருபவர்கள் தப்பாமல் ஒரு முறை விழும் குழி இது.

பகுதி ஒப்பீட்டுக்கென்றே இருந்த சில முறைகள் நூலகங்களிலிருந்து நீக்கப்பட்டிருக்கின்றன. பைத்தானின் யூனிட்டெஸ்ட் நூலகத்தில், ஒரு டிக்‌ஷனரிக்குள் இன்னொன்று அடங்குகிறதா என்று பார்க்கும் முறை 3.2 பதிப்பிலேயே கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2023-ல் வந்த 3.12 பதிப்பில் முழுதும் அகற்றப்பட்டது. எது எதற்குள் அடங்க வேண்டும் என்ற வரிசையே அதில் குழப்பமாக இருந்தது. பிஎச்பியூனிட் கருவியிலும் இதற்கு இணையான முறை 2019-ல் வந்த 8-ஆம் பதிப்பில் ஒதுக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் 9-ஆம் பதிப்பில் காணாமல் போனது. இதற்கு எதிர்த்திசையில் நோட் ஜேஎஸ், பகுதியளவு கண்டிப்பு ஒப்பீடு ஒன்றை அண்மையில் புதிதாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே காற்று ஒரே பக்கம் அடிக்கிறது என்று சொல்ல முடியாது.

இருப்பவற்றில் தெளிவான பகுப்பு ஜாவாவின் ஜேசன்அசெர்ட் நூலகத்தில் இருக்கிறது. மிகுந்த கீ வரலாமா என்பது ஒரு கேள்வி, பட்டியல்களின் வரிசை மாறலாமா என்பது இன்னொரு கேள்வி என்று பிரித்து, இரண்டின் சேர்க்கையில் நான்கு நிலைகளை அது வைத்திருக்கிறது. எழுதுபவர் நான்கில் ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். பெர்லின் டெஸ்ட்2 தொகுப்பிலோ, ஹாஷின் விவரிப்பை ‘இத்தோடு முடிந்தது’ என்ற பொருளுள்ள ஒரு சொல்லாலோ ‘இன்ன பிற’ என்ற பொருளுள்ள ஒரு சொல்லாலோ முடிக்கலாம். தளர்வு தவறல்ல, சொல்லாமல் விடுவதே தவறு. இன்ன பிற என்று எழுதியிருந்தால், படிப்பவருக்கு அது தெரிந்தே விட்ட இடம் என்று புரியும்.

தளர்வை ஆதரிக்கும் வாதங்களில் வலுவானது, சேவைகள் தனித்தனி வேகத்தில் வளர்கின்றன என்பது. விலைப்பட்டியல் சேவை நாளை ஒரு புதிய கீயைச் சேர்த்தால், அதைப் பயன்படுத்தாத பில் போடும் நிரல் நின்றுவிடக்கூடாது. 1980-ல் ஜான் போஸ்டல் எழுதிய இணைய நெறிமுறை ஆவணத்திலிருந்து வளர்ந்த கொள்கை இது: அனுப்புவதில் கண்டிப்பு, வாங்குவதில் தாராளம். நாற்பது ஆண்டு அனுபவத்துக்குப் பின், 2023-ல் வந்த ஆர்எஃப்சி 9413 இந்தத் தாராளத்தின் மறுபக்கத்தைப் பேசியது. தவறானவற்றைப் பொறுத்துக்கொண்டே போனால், தவறே நாளடைவில் நெறியாக இறுகிவிடும், பிறகு திருத்த முடியாது என்பது அதன் வாதம். பாக்ட் என்ற ஒப்பந்தச் சோதனைக் கருவி இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுகிறது: நுகரும் நிரல் அனுப்பும் கோரிக்கையில் எதிர்பாராத கீ இருந்தால் தோல்வி; பதிலில் மிகுந்த கீ இருந்தால் பரவாயில்லை. நுகர்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம். ஆனால் பதிலைத் தயாரிக்கும் சேவை தன் சொந்தச் சோதனையில் இந்தத் தளர்வைக் கடன் வாங்கக்கூடாது. தான் என்ன அனுப்புகிறோம் என்பது அதற்கு முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாமல் போகும் கீதான் நாளை தனிநபர் தரவுக் கசிவாகச் செய்தியில் வருவது.

முழு ஒப்பீடு சுமையாகிறது என்ற குறைக்கும் ஒரு வழி இருக்கிறது. அது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை. ரசீது எண், நேர முத்திரை போன்றவை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். அவற்றுக்கு அஞ்சி ஒப்பீட்டையே தளர்த்திவிடுகிறார்கள். மாறுவது மதிப்புதான், கீ அல்ல. கீகளின் கணத்தைத் தனியாக எடுத்துக் கண்டிப்பாக ஒப்பிட்டுவிட்டு, மதிப்புகளில் உறுதியானவற்றை மட்டும் பார்க்கலாம். பைத்தானில் இது இரண்டு வரி வேலை. ஜாவாவின் அசெர்ட்ஜே நூலகத்தில் இந்தக் கீகள் மட்டுமே என்று சொல்ல ஒரு முறை ஆயத்தமாக இருக்கிறது. உள்ளடுக்கு மேப்கள் இருந்தால், இந்தக் கண்டிப்பு எல்லா அடுக்குக்கும் இறங்க வேண்டும். மேல் அடுக்கில் மட்டும் கீகளை எண்ணும் சோதனை, உள்ளே ஒளிந்த கீயை விட்டுவிடும்.

இவை எல்லாம், இரண்டு கீ ஒன்றா வேறா என்பது தெளிவாகத் தெரியும் என்ற அனுமானத்தில் நிற்பவை. அந்த அனுமானமும் பல இடங்களில் ஆட்டம் காண்கிறது. பைத்தானில் 1 என்ற கீயும் 1.0 என்ற கீயும் ஒன்றே. எர்லாங்கிலும் எலிக்ஸிரிலும் மேப்பின் கீகளாக வந்தால் வேறு வேறு. பைத்தானில் எண்ணைக் கீயாக வைத்த மேப்பை ஜேசனாக எழுதி மறுபடி படித்தால், கீ எழுத்துச் சரமாகத் திரும்பி வரும். அச்சிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மேப்கள் ஒப்பீட்டில் தோற்கும்.

தமிழ்ப் பெயர்கள் கீயாக வரும் தரவில் சிக்கல் இன்னும் ஆழம். விருதுநகர் மாவட்ட ஊர்ப் பட்டியல் ஒன்றில் வெம்பக்கோட்டை என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னே வரும் ஏகாரக் கொம்பு, பின்னே வரும் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் வடிவில் இந்தப் பெயருக்கு 13 குறியீடு, இரண்டாவதில் 14. பழைய எழுத்துரு வடிவங்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் பிரிந்த வடிவம் வந்துவிடுவதுண்டு. பைத்தான், ஜாவா, கோ, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இவற்றை வேறு கீயாகவே கொள்ளும். ஸ்விஃப்ட் மொழி மட்டும் சரங்களை ஒப்பிடும்போதே இரண்டையும் சமமாக்கிவிடும். ஆகவே ஐபோன் செயலியில் தேறிய சோதனை, அதே தரவோடு சேவையகத்தில் தோற்கலாம். அருப்புக்கோட்டையும் இதே கதைதான்.

யூனிகோடு இயல்பாக்கம் இதற்கு மருந்து. கீகளை மேப்பில் இடும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சிக்கல் தீரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்த மருந்து போதாது. 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தபின், ஸ்ரீ என்பதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டும். ஆனால் யூனிகோடு விதிப்படி இவை சமமல்ல. இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. தமிழ்த் தரவோடு வேலை செய்யும் குழு இதற்குத் தன் சொந்த விதியை எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்படி எழுதும் விதி அளவு மீறினால் எதிர்க் கேடு வரும். எம். புதுப்பட்டி என்ற ஊர்ப்பெயர் புள்ளிக்குப் பின் இடம் விட்டும், விடாமலும், புள்ளியே இல்லாமலும் ஆவணங்களில் கிடக்கும். இந்த வேறுபாடுகளைத் தொலைக்க, தலைப்பெழுத்தையே வெட்டிவிடலாம் என்று ஒரு நிரலாளருக்குத் தோன்றலாம். அதே மாவட்டத்தில் வ. புதுப்பட்டி இருக்கிறது. தலைப்பெழுத்து போனால் இரண்டு ஊரும் புதுப்பட்டி என்ற ஒரே கீயாகி, பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். இதற்கு எழுதும் சோதனையில், உள்ளே போன ஊர்களின் எண்ணிக்கையும் வெளியே வந்த கீகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்த்தாலே தவறு பிடிபடும். ஊர்ப்பெயரைக் கீயாக வைக்காமல், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு தரும் குறியீட்டைக் கீயாக வைத்துப் பெயரை மதிப்பாக்குவது இன்னும் பாதுகாப்பு. மனிதர் படிக்கும் பெயர் கீயாக இருக்கத் தகுதி குறைந்தது என்பதற்குத் தமிழ்நாட்டுப் புதுப்பட்டிகள் போதிய சான்று.

கண்டிப்பான சோதனை உடைந்தால் எல்லாம் தவறு என்று பொருளில்லை. 2021 அக்டோபரில் சிவகாசி நகராட்சி, திருத்தங்கல் நகராட்சியையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. மாவட்ட நகர்ப்புற உள்ளாட்சிகளின் மேப்பில் திருத்தங்கல் என்ற கீ அதன்பின் இருக்கக்கூடாது. அதற்கு முன் எழுதிய கண்டிப்பான சோதனை அன்று உடைந்திருந்தால், அது தன் வேலையைத்தான் செய்தது: உலகம் மாறியிருக்கிறது, எதிர்பார்ப்பை மாற்று என்கிறது. 1985-ல் காமராஜர் பெயரில் தோன்றிய மாவட்டம் 1997-ல் விருதுநகர் ஆனதும் இதே வகை. பழைய கீ ஒன்று விடுபட, புதிய கீ ஒன்று மிகும். தளர்வான சோதனை திருத்தங்கலைப் பற்றி எதுவும் கேட்காமல் இருந்திருந்தால், பழைய கீயின் கீழ் ஆண்டுக்கணக்கில் வரி விவரம் தேங்கியிருக்கலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பதிவு செய்து வைத்த முழு வெளியீட்டோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் சோதனைகளில், உடைந்தவை அனைத்தையும் ஒரே கட்டளையில் புதுப்பித்துவிடலாம். நூறு வரி வேறுபாட்டை யாரும் படிப்பதில்லை. கட்டளையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே கண்டிப்பு பெயரளவில்தான் இருக்கிறது.

ஆதலால் தோல்விச் செய்தியின் வடிவமும் இந்தக் கண்டிப்பின் பகுதியே. இரண்டு மேப்களையும் முழுதாக அச்சிட்டு, சமமில்லை என்று மட்டும் சொல்லும் செய்தியால் பயனில்லை. விடுபட்டவை, மிகுந்தவை, மதிப்பு மாறியவை என்று மூன்றாகப் பிரித்து, கீகளை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். கோ மொழி 1.12 பதிப்பு முதல் மேப்பை அச்சிடும்போது கீகளை வரிசைப்படுத்தியே தருவது இந்த வகையில் பெரிய உதவி. ஒன்று விடுபட்டு, அதை ஒத்த இன்னொன்று மிகுந்திருந்தால், அது பெரும்பாலும் எழுத்துப் பிழை அல்லது பெயர் மாற்றம். கம்பி மத்தாப்பையும் கம்பி மத்தாபையும் அடுத்தடுத்துக் காட்டினால் ஒரு நொடியில் விளங்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கீகள் வேறுபட்டால், அவற்றின் குறியீட்டு எண்களையும் அச்சிட வேண்டும். இல்லையேல் வெம்பக்கோட்டை இல்லை, வெம்பக்கோட்டை மிகுதி என்ற செய்தியைப் பார்த்து நிரலாளர் தலையைச் சொறிவார்.

கண்டிப்பான கீ ஒப்பீடு எட்டாத இடங்களும் சில உண்டு. ஜேசன் உரையில் ஒரே கீ இரண்டு முறை வந்தால், பெரும்பாலான படிப்பான்கள் கடைசியில் வந்ததை வைத்துக்கொண்டு முன்னதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கீகள் ஒருமுறையே வர வேண்டும் என்று ஆர்எஃப்சி 8259 பரிந்துரைக்கிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை. ஒப்பீடு தொடங்கும் முன்பே தரவு இழந்தாயிற்று. அதைப் படிக்கும் கட்டத்தில்தான் பிடிக்க முடியும். படிக்கும்போதே தெரியாத கீயை மறுக்கும் வசதியும் பல இடங்களில் இருக்கிறது. 2018-ல் வந்த கோ 1.10 இதற்கு ஒரு தேர்வைச் சேர்த்தது. ஜாவாவின் ஜாக்ஸன் நூலகம் 2-ஆம் தலைமுறைப் பதிப்புகளில் தானாகவே மறுத்தது. ஸ்பிரிங் பூட் அந்த மறுப்பை அணைத்து வைத்தது. ஜேசன் ஸ்கீமாவிலோ, கூடுதல் கீ கூடாது என்று எழுதாதவரை எதுவும் வரலாம்.

கீகளுக்குள் உள்ள உறவும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்பது. வெடிபொருள் சட்டத்தின் கீழ், கந்தகத்தோடு குளோரேட் கலந்த பட்டாசு மருந்துக்குத் தடை. கந்தகம் தனியாக அனுமதிக்கப்பட்ட கீ. குளோரேட் வேறொரு கலவையில் வரலாம். இரண்டும் ஒரே மேப்பில் சேர்ந்து வரக்கூடாது. அதே சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலில் இரண்டும் சேர்ந்தே தீக்குச்சி முனையில் இருக்கின்றன; அதற்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே எந்தக் கீ வரலாம் என்பது, பொருளின் வகை என்ற இன்னொரு கீயின் மதிப்பைப் பொறுத்து மாறுகிறது. எதிர்பார்த்த மேப் ஒன்றை எழுதி வைத்து ஒப்பிடும் சோதனையால் இந்த விதியைச் சொல்ல முடியாது. பல வகைக் கலவைகளை உருவாக்கி, விதியை மீறுபவை ஒவ்வொன்றும் மறுக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் தனிச் சோதனை அதற்கு வேண்டும்.